கையுறை காயும் அறை

சென்ற கிழமை எங்கள் சலவை அறைக்கு ஒரு சோடி கையுறை வந்தது. நான் ஓல்டன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். எனக்கு வருவதெல்லாம் படுக்கை விரிப்பு, இரவு உடுப்பு, பெயர் தைத்த காலுறை. இதுவோ ஐஸ் ஹொக்கி விளையாடுகிறவர்கள் போடும் பெரிய கையுறை. புதிதாக வந்த கிழவர் ஒருவருடையது. இளமையில் ஏதோ ஊர்க் குழுவில் ஆடியவராம். அதை அப்பாவின் அறைத் தட்டில் வைக்க ஆசை, மணம்தான் தாங்க முடியவில்லை, பார்த்துக் கழுவித் தர முடியுமா என்று மகள் ஒரு துண்டில் எழுதி ஊசியால் குத்தியிருந்தாள்.

என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். நானோ புத்தி சரியாக உள்ள யாரும் செய்யாத காரியத்தைச் செய்தேன். கையுறைக்குள் கையை விட்டு, வெளியே எடுத்து, மோந்து பார்த்தேன். நனைந்து காய்ந்து மறுபடி நனைந்த தோலும் வியர்வையும். எத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்தாலும் அது போவதில்லை. மெஷினில் போடாதே, நான் பிறகு கையால் கழுவுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பையை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இன்னும் கழுவவில்லை.

நான் முன்பு என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றல்ல. தொடங்கினால் முழுவதையும் சொல்ல வேண்டி வரும். இங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் ரெயிலில் போய்விடலாம், சின்ன ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஐஸ் மண்டபம். அந்த மண்டபத்துக்கென்று ஒரு ஹொக்கிக் குழு. நாட்டின் மேல் பிரிவில் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள்தான், ஆனால் எல்லோருக்கும் கண் மேலேதான் இருக்கும். நான் அந்தக் குழுவின் சாமான்களுக்குப் பொறுப்பான ஆள். மட்டீரியால்வார்ட் என்பார்கள். பெயர் பெரிது. வேலை என்னவென்றால் இருபத்தைந்து ஆம்பிளைகளின் ஈர உடுப்பைக் காயவைப்பது. கோயிலில் யாராவது கேட்டால் என் மனைவி, "அவர் ஸ்போர்ட்டில இருக்கிறார்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வாள்.

எனக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிக்கு மேலே கொட்டுகிற சாமான். ஹொக்கி என்றால் புல்லில் விளையாடுவது. அந்த மண்டபத்துக்கு முதலில் நான் போனது ஆட்டம் முடிந்ததும் இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் பியர்க் கோப்பைகளைப் பொறுக்க. சாமான் பார்த்த கிழவருக்கு முழங்கால் போனபோது அவருக்கு ஒத்தாசையாக உள்ளே எடுத்தார்கள். அவர் போய்விட்டார், நான் நின்றுவிட்டேன். அங்கே பதினைந்து வருஷம் இருந்தும் ஒருநாளாவது ஸ்கேட் போட்டுப் பார்த்ததில்லை. தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு மறுகரைக்குப் போகும்போது பலகையைப் பிடித்துப் பிடித்து வாத்து மாதிரித் தாரா நடை நடப்பேன். போய்ச் சேர்ந்ததும் முழுக் குழுவும் ஸ்டிக்கால் ஐஸில் தட்டி எனக்குக் கைதட்டும்.

ஆனால் ஸ்கேட் தீட்டுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. கத்தியின் அடியில் நடுவே ஒரு பள்ளம் விழவேண்டும், இரண்டு கரையும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு ஆழம். தீட்டிய பிறகு பெருவிரல் நகத்தை மெல்லக் குறுக்கே இழுப்பேன். நகம் பொடியாக உரிந்தால் சரி. தீட்டும் மெஷினும் கையுறை காயவைக்கும் கம்பிகளும் ஒரே அறையில்தான் இருந்தன. கருகிய இரும்பும் ஈரத் தோலும் சேர்ந்த அந்த மணத்தோடுதான் நான் வீட்டுக்குப் போவேன். மனைவி கதவடியிலேயே ஜக்கெட்டை வாங்கிப் பல்கனியில் போட்டுவிடுவாள்.

இனி வெளிநாட்டுக்காரர் கதை. ஒரு ஆட்டத்தில் இரண்டு வெளிநாட்டுக்காரர்தான் இறங்கலாம். எங்களிடம் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் செக் நாட்டுக்காரர், முப்பத்தைந்து வயது, கோல் போட்டே பழகினவர், அவரை வெளியே இருத்த முடியாது. மிச்சம் ஒரு இடம். அதற்கு இரண்டு பேர். இறங்காதவன் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு மேலே பார்வையாளரோடு இருந்து சொசேஜ் சாப்பிடுவான்.

அந்த இரண்டு பேருமே அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடிவிட்டு வந்தவர்கள். இங்கே பதினெட்டு வயதில் பெரியவர்களோடு ஆடத் தொடங்கிவிடுவார்கள். கல்லூரிக்குப் போகிறவன் நாலு வருஷம் படித்துக்கொண்டே ஆடி, இருபத்துமூன்று, இருபத்துநாலில் பட்டமும் கையுமாக வெளியே வந்து, அங்கேயுள்ள கீழ்ப் பிரிவுகளில் அடியிலிருந்து தொடங்கவேண்டும். மூன்று நாளில் மூன்று ஊர், மூன்று ஆட்டம், பஸ்ஸிலேயே நித்திரை. அங்கே மேலே எடுக்கப்படாதவன் கடலைத் தாண்டி எங்களைப் போன்ற இடத்துக்கு வருவான். இவர்கள் இன்னும் வளர்ந்து வருகிறவர்கள் என்று எங்கள் பயிற்சியாளர் பத்திரிகைக்காரரிடம் சொல்லுவார். இருபத்தாறு வயது, தாடி, பொருளியலில் பட்டம், இன்னும் வளர்ந்து வருகிறவன். எனக்குச் சிரிப்பாக இருக்கும். பிறகு சிரிப்பு வராமல் போனது.

ஒருவன் கைல். மின்னசோட்டாவில் பிறந்த நெட்டையன். ஸ்டிக்குக்கு டேப் சுற்றும்போதும் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம் திறந்திருக்கும். மற்றவன் நிரோ. நிரோஷன் என்று பெயர், சட்டை முதுகில் நீண்ட தகப்பன் பெயர், தைப்பதற்கு எழுத்துப் போதவில்லை. ஸ்கார்பரோவில் பிறந்தவன். தாய் தகப்பன் இருவரும் யாழ்ப்பாணம். ஐஸ் ஹொக்கி ஆடும் தமிழ்ப் பிள்ளையை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவனும் ஸ்கேட் தீட்டும் தமிழனைக் கண்டதில்லை.

அவன் என்னைக் கண்டுபிடித்தது மூக்கால்தான். கையுறைக் கம்பிகளுக்குக் கீழே வெப்பக் காற்று வரும். அதில்தான் என் சாப்பாட்டுப் பெட்டியைச் சூடாக்குவேன். அன்றைக்குப் புட்டும் சம்பலும். வெறும் காலோடு கதவடியில் வந்து நின்றான்.

"ஓ மை கோட். சம்பலோ?"

"ஓம். நீர் தமிழோ?"

"ஓம் அங்கிள்."

அங்கிள் வேண்டாம், அவ்வளவு வயசில்லை, அண்ணை எண்டு சொல்லும் என்றேன். எனக்கு அப்போது ஐம்பது. அவன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஓகே அண்ணை" என்றான். பாதிப் புட்டு போய்விட்டது. அடுத்த நாளிலிருந்து மனைவி இரண்டு பெட்டி கட்டினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் என் அறையில்தான் இருந்தான். கையுறை காயும் கம்பிகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட வாளியில் குந்தியிருந்து கதைப்பான். "நான் லேட் அண்ணை" என்பதுதான் அவனுடைய பல்லவி. இருபத்தெட்டுக்குப் பிறகு ஒருவரும் புதிதாகத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அதற்குள் மேல் பிரிவில் ஒரு கையெழுத்து வேண்டும். அவனுடைய தாய் தொலைபேசியில் வரும்போது ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டுவான். "தம்பி, பிள்ளை சாப்பிட்டவனோ? அவன் பொய் சொல்லுவான். நீங்கள் சொல்லுங்கோ" என்பா. சாப்பிட்டவன் அக்கா, என்னுடையதையும் சேர்த்துத்தான் என்பேன். சின்ன வயதில் அவனை விடிய நாலு மணிக்கு ஐஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது அவதான். பையைத் தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டது என்று அவன் ஒருமுறை சொன்னான்.

தலையில் அடிபட்டவனுக்கு வைக்கும் சோதனை பற்றியும் அந்த வாளியில் இருந்துதான் சொன்னான். வருஷத் தொடக்கத்தில், அடி ஒன்றும் படாதபோது, ஒரு சோதனை வைத்து எழுதிவைப்பார்களாம். பிறகு அடிபட்டால் அதே சோதனையை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கல்லூரிப் பெடியள் எல்லோருக்கும் ஒரு தந்திரம் தெரியும். முதல் சோதனையில் வேண்டுமென்றே மோசமாகச் செய்துவிடுவது. அப்போது அடிபட்ட மண்டையும் நல்ல மண்டை மாதிரியே காட்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது, ஐந்து சொல்லை ஞாபகம் வைப்பது எல்லாம் பாடமாம். "டிகிரியில படிச்சதை விட அதுதான் அண்ணை நல்லா ஞாபகம்" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நான் சிரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கும் அந்த வித்தை தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமில் எனக்கு முன்னால் வந்தவர்கள் விசாரணைக்குப் போகமுன் சொல்லித் தந்தது ஒன்றுதான். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வாயிலிருந்து மேலதிகமாக ஒரு சொல் விழக்கூடாது, விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித்தான் எனக்கு விசா கிடைத்தது. பிறகு அதுவே என் குணமாகிவிட்டது. பிள்ளையின் வாத்தியார் கூப்பிட்டாலும், கெமைண்ட என்கிற ஊராட்சிக் கந்தோரில் கேட்டாலும், டிக்கெட் பார்க்கிறவன் கேட்டாலும் ஒரே பதில்தான். பிரச்சினை ஒன்றும் இல்லை. எல்லாம் சரி. எங்கள் ஆட்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

தை மாதம், செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் நிரோவுக்கு அடி விழுந்தது. பெரிய மோதல் இல்லை. மூலையில் ஒருவன் தள்ள, தலை கண்ணாடியில் பட்டது. அவன் தலையில் இல்லை, தோளில்தான் என்றான். குழுவின் டொக்டர் வந்து சோதித்தா. அவன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான்.

சனிக்கிழமை எங்களுக்கு ஆட்டம். மேல் பிரிவுக் குழு ஒன்றிலிருந்து ஒருவர் அவனைப் பார்க்க வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவனைத்தான், கைலை இல்லை.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து என் அறைக்குள் வந்தவன், லைட்டை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினேன். வாளியைக் கிட்ட இழுத்தான். குந்தியிருக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதை நிமிர்த்தி அதற்குள் சத்தி எடுத்தான். எல்லாம் வெளியே வந்த பிறகும் ஓங்காளித்துக்கொண்டே இருந்தான். அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வேர்வை குளிர்ந்து போயிருந்தது. என் முகத்தைப் பார்த்தான், பார்வை நிற்கவில்லை.

"அண்ணை, ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ."

"தம்பி, இது தலை விசயம்."

"சனிக்கிழமை மட்டும் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை நானே டொக்டரிட்ட போறன். பிராமிஸ். அம்மாவுக்கும் வேண்டாம்."

நான் வாளியைக் கழுவினேன். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்லாவிட்டால் மிச்சத்தைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. வாளியைக் கழுவும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அத்தனை வருஷம் அந்தக் கட்டடத்தில் என்னிடம் யாரும் ஒரு இரகசியம் சொன்னதில்லை. அந்த மண்டபத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் விளங்கும் பாஷையில் ஒருவன் தன்னுடைய முழு வாழ்க்கையையும் என் கையில் தந்திருக்கிறான். அவனுக்கு நான்தான் சொந்தம் என்று நினைத்தேன். அதில் எனக்குப் பெருமை.

வெள்ளிக்கிழமை காலையில் கைல் வந்தான். இரண்டு பேருக்கும் ஒரே வீடுதான் கொடுத்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, தெரிந்த ஜெர்மன் பாதி, கை பாதியாகச் சொன்னான். நிரோ இரண்டு நாளாகத் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்திருக்கிறான். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். நீ டொக்டரிடம் சொல்லு. நான் சொன்னால் அவனுடைய இடத்துக்காகச் சொல்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நீ சொன்னால் நம்புவார்கள்.

நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். இவனுக்கு அந்த இடம் வேணும், அதற்கு நாடகம் ஆடுகிறான் என்று எனக்குப் பட்டது. அவன் நல்லாத்தான் இருக்கிறான், என்னோடு நேற்றுக் கதைத்தவன் என்றேன். கைல் ஓகே என்று சொல்லிவிட்டுப் போனான். புத்தகத்தை என் மேசையில் மறந்துவிட்டுப் போய்விட்டான், பின்னேரம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் டொக்டரே என் அறைக்கு வந்தா. நல்ல மனுசி. சாமான்காரரும் ஐஸ்மெஷின்காரரும்தான் விளையாட்டுக்காரரை உண்மையாகப் பார்க்கிறவர்கள் என்று அவவுக்குத் தெரியும். நிரோ உங்களோடுதான் அதிகம் இருக்கிறான், வித்தியாசமாக ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டா. நேரடியான கேள்வி. முகாமில் சொல்லித் தந்தது கூட எனக்கு இங்கே உதவாது. கேட்டதற்குப் பதில் சொல்லு என்றுதானே சொல்லித் தந்தார்கள். கேட்டா. நான் ஸ்கேட் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, நகத்தால் கத்தியைப் பார்த்துக்கொண்டு, "நிக்ஸ்" என்றேன். ஒன்றும் இல்லை. அது நிரோவின் ஸ்கேட்.

சனிக்கிழமை அவன் ஆடிய மாதிரி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதல் பகுதியில் ஒரு கோல், ஒரு பாஸ். எனக்குக் கண் கலங்கியது. சொல்லாதது எவ்வளவு நல்லது என்று மனதுக்குள் என்னையே தட்டிக்கொடுத்தேன். அந்த ஒரு மணித்தியாலம் நான் சந்தோஷமாக இருந்தேன், உங்களிடம் ஏன் ஒளிக்கவேணும். கடைசிப் பகுதியில் ஒருவன் தோளோடு தோள் உரசிப் போனான். நடுவர் விசில்கூட ஊதவில்லை. சாதாரணமாக நிரோ அப்படியான உரசலில் அசையவே மாட்டான். உரப்பை மாதிரி விழுந்தான். கை முன்னுக்கு வரவில்லை. கையுறை ஒன்று கழன்று என் பக்கம் சறுக்கி வந்தது. அன்றைக்குத்தான் நான் பலகையைப் பிடிக்காமல் ஐஸில் ஓடினேன். யாரும் ஸ்டிக் தட்டவில்லை.

உயிர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்தார்கள். தாயும் தகப்பனும் வந்து ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். முதல் அடி ஆறமுன் இரண்டாவது அடி பட்டால் மூளை வீங்கிவிடும் என்று எங்கள் குழு டொக்டர் ஜெர்மனில் சொல்ல, அதைத் தமிழில் தாய்க்குச் சொன்னது நான்தான். டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீங்கள் அவனுக்குப் பக்கத்தில இருந்தபடியாத்தான் உயிராவது மிஞ்சினது" என்றா. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

கைல் மிச்ச ஆட்டம் எல்லாம் ஆடினான். நன்றாக ஆடவில்லை. சீசன் முடிந்ததும் அமெரிக்காவுக்குப் போய் எங்கேயோ படிப்பிக்கிறானாம். போகும்போது எல்லோருக்கும் கைகொடுத்தான், எனக்கும் கொடுத்தான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இதெல்லாம் எட்டு வருஷத்துக்கு முந்தி. குழு பிறகு கீழே இறங்கி, சம்பளம் இல்லாத ஆட்களோடு இரண்டு வருஷம் இழுத்துவிட்டுக் கலைந்துவிட்டது. மண்டபத்தை இடித்து வீடு கட்டிவிட்டார்கள். போன கோடையில் ரெயிலில் போகும்போது பார்த்தேன், என் அறை இருந்த இடத்தில் யாருடைய பல்கனியோ, அதில் ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. தீட்டும் மெஷினை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. என் நகத்தில் அந்தக் கோடு மட்டும் வெகுநாள் இருந்தது, இப்போது அதுவும் வளர்ந்து போய்விட்டது.

நிரோ ஸ்கார்பரோவில் தாய் தகப்பனோடு இருக்கிறான். வெளிச்சம் ஆகாது. வேலை இல்லை. கதை மெதுவாக வரும். பாலர் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுக்கிறான், தமிழோ இங்கிலிஷோ எது முதலில் கிடைக்கிறதோ அது. தாய் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எடுத்து எனக்கு நன்றி சொல்லுவா. இந்த முறை அவனே எடுத்தான். இங்கே பின்னேரம், நான் சலவை அறையில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, ஒரு கொப்பி தந்திருக்கினம். தெரப்பிக்கு. மறந்த நாளுகளை, தெரிஞ்ச ஆக்களிட்ட கேட்டு, எழுதச் சொல்லி."

"நல்லது தம்பி."

"அந்தக் கிழமை முழுக்க எனக்கு இல்லை அண்ணை. செவ்வாய், கைல் சொன்னவன். சனிக்கிழமை, வீடியோ இருக்கு. வியாழக்கிழமைதான் ஒருத்தருக்கும் தெரியாது." மூச்சு வாங்கினான். "அண்டைக்கு நான் உங்கட ரூமுக்கு வந்தனானோ? ஏதும் சொன்னனானோ?"

விரிப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது. அந்த வாளியும், நிறுத்திய லைட்டும், குளிர்ந்த நெற்றியும் உலகத்தில் இன்னும் ஒரே ஒரு ஆளிடம்தான் இருக்கின்றன. அந்த ஆளிடம்தான் அவன் கேட்கிறான், தன்னுடையதைத் திருப்பித் தா என்று. அவனுடைய தாய் பக்கத்தில் இருந்து இருமுவது கேட்டது.

"வந்தனீர் தம்பி. சாப்பிட்டனீர்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

"அப்ப அப்பிடியே எழுதட்டோ?"

"ஓம். எழுதும்."

அவன் இப்போது எழுதுவதும் மெதுவாகத்தான். ஒவ்வொரு எழுத்தையும் வாயால் சொல்லிச் சொல்லி எழுதினான். முடிக்கும்வரை நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, "தேங்ஸ் அண்ணை, வியாழக்கிழமை முடிஞ்சுது" என்றான்.